கதைப்புத்தகமும் தப்பியோடும் மனமும்

வாசிப்பைப் புகழாத சமுதாயம் இல்லை. ஆயினும், வாசிப்பவர் கையில் இருப்பது எந்தப் புத்தகம் என்று தெரிந்த மாத்திரத்தே அப்புகழுரை பல வேளைகளில் வசையாக மாறிவிடுகின்றது. சரித்திர நூலோ, சமய நூலோ, பரீட்சைக்குரிய பாடநூலோ ஆயின், பிள்ளை படிக்கின்றது என்று வீட்டார் ஓசைப்படாமல் நடப்பர். அதே பிள்ளை சந்திரனுக்குப் பறக்கும் கதையையோ, மந்திரவாதியும் பூதமும் உலாவும் கதையையோ, இரு இளம் உள்ளங்கள் இடையூறு பல கடந்து ஒன்று சேரும் கதையையோ கையில் எடுத்தால், கதைப்புத்தகம் வாசித்துக் காலத்தைக் கழிக்கின்றது என்ற சொல் எழும். பாடநூலுக்குள் கதைப்புத்தகத்தை மறைத்து வைத்து வாசிக்கும் வித்தையைக் கற்பிக்கும் பாடத்திட்டம் எதுவும் இல்லை. எனினும், தலைமுறை தலைமுறையாக மாணாக்கர் அதனைத் தாமே கற்றுத் தேர்ந்து வருகின்றனர்.

இவ்வாறு இழித்துரைக்கப்படும் கதைகள் பெரும்பாலும் மூன்று வகையின. விஞ்ஞானம் இன்று எட்டாததை நாளை எட்டியதாக வைத்துப் புனைவது ஒன்று. இயற்கை விதிகளையே மாற்றி வேறோர் உலகைப் படைத்துக் காட்டும் மாயக்கதை மற்றொன்று. காதலும் அதன் கைகூடலுமே பொருளாக அமையும் நவீனம் மூன்றாவது. இம்மூன்றின் மீதும் சுமத்தப்படும் குற்றம் ஒன்றே. வாசிப்பவரை வாழ்க்கையினின்றும் பிரித்து, கடமையை மறக்கச் செய்து, இல்லாத ஓர் உலகிற் குடியேற்றிவிடுகின்றன என்பது அது. ஆங்கிலத்திலே இதனை எஸ்கேப்பிசம் என்பர். தமிழிலே தப்பியோடும் மனப்பான்மை எனலாம்.

ஒரு சொல்லைக் கொண்டு ஒருவரைக் குற்றவாளியாக்குமுன் அச்சொல்லை உரைத்துப் பார்த்தல் நன்று. தப்பியோடுதல் என்றவுடன் மூன்று வினாக்கள் எழுதல் வேண்டும். எதனிடமிருந்து தப்புகின்றார்? எங்கே செல்கின்றார்? சென்றவர் திரும்பி வருகின்றாரா, வந்தால் எந்நிலையில் வருகின்றார்? தீப்பற்றிய வீட்டிலிருந்து வெளியே பாய்பவரும் தப்பியோடுபவரே. கடன் கொடுத்தவரைக் கண்டு பின்வாசலால் நழுவுபவரும் தப்பியோடுபவரே. இருவரையும் ஒரே தராசில் நிறுத்தல் நீதியாகாது.

கதைப்புத்தகத்தின் கேட்டுக்குச் சாட்சி கூற உலக இலக்கியத்தில் முதலில் அழைக்கப்படுபவன் டொன் குயிக்சோட். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் 1605ஆம் ஆண்டில் முதற் பாகத்தையும், 1615ஆம் ஆண்டில் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்ட அந்நூலிலே, வீரசாகசக் கதைகளை இரவு பகலாக வாசித்த நாட்டுப்புறக் கனவான் ஒருவன் மதிமயங்குகின்றான். மூதாதையர் விட்டுச்சென்ற துருப்பிடித்த கவசத்தை அணிந்து, மெலிந்த குதிரையில் ஏறி, காற்றாலைகளை அரக்கர் என்று எண்ணி ஈட்டியுடன் பாய்கின்றான். கதை வாசிப்பினால் வரும் கேட்டுக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ என்பர் பலர்.

அந்நூலை முற்றாக வாசித்தவர் அத்துணை விரைவாகத் தீர்ப்புக் கூறார். குயிக்சோட் அடிபட்டு வீடு திரும்பிய பின், ஊர்க் குருவானவரும் நாவிதரும் அவனது புத்தக அறையைச் சோதனையிடுகின்றனர். வீட்டுப் பணிப்பெண்ணும் மருமகளும் எல்லாவற்றையும் தீயிலிடுமாறு வேண்டுகின்றனர். குருவானவரோ ஒவ்வொன்றாய்க் கையில் எடுத்து, இது கூடாது, இது நல்லது என்று நிறுத்துப் பார்க்கின்றார். பல தீக்கிரையாகின்றன, சில தப்புகின்றன. ஒரு நூலைப் பெரிதும் பாராட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்குமாறு நாவிதரிடமே கொடுத்துவிடுகின்றார். தீர்ப்புக் கூற வந்தவர்கள் அக்கதைகளையெல்லாம் முன்னரே வாசித்துச் சுவைத்தவர்கள் என்பது இதனாற் புலனாகும். அதன்பின் அந்த அறையின் வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிடுகின்றனர். புத்தகங்கள் எங்கே என்று குயிக்சோட் கேட்டபோது, மந்திரவாதி ஒருவன் வந்து அறையோடு கொண்டுபோய்விட்டான் என்று விடை கூறுகின்றனர். மாயக்கதையை ஒழிக்கப் புறப்பட்டவர்கள், மாயக்கதை ஒன்றைச் சொல்லியே தம் காரியத்தை முடிக்கின்றனர். செர்வாண்டிசின் நகைப்பு வாசகனை மாத்திரம் நோக்கியதன்று. வாசகனைத் திருத்த வந்தவரையும் நோக்கியது.

செர்வாண்டிஸ் தப்பியோடுதலின் பொருளை ஏட்டில் மட்டும் கற்றவர் அல்லர். 1571ஆம் ஆண்டு லெபாந்தோக் கடற்போரிலே அவரது இடக்கை பயனற்றதாயிற்று. 1575ஆம் ஆண்டு கடற்கொள்ளையர் அவரைச் சிறைபிடித்து அல்ஜியர்ஸ் நகருக்குக் கொண்டுசென்றனர். 5 ஆண்டுகள் அடிமையாக அங்கு வாடினார்; 4 முறை தப்ப முயன்று தோற்றார்; 1580இல் மீட்புப் பணம் செலுத்தப்பட்ட பின்னரே விடுதலை அடைந்தார். சிறையிலிருந்து தப்ப நினைப்பது கோழைத்தனம் என்று அவரிடம் யாரேனும் கூறியிருப்பின், அவர் என்ன விடை பகர்ந்திருப்பார் என்பதை நேயர்கள் ஊகிக்கலாம்.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாக எடுத்துரைத்தவர் ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டோல்கீன். பழைய ஆங்கில மொழியிலும் இலக்கியத்திலும் துறைபோகிய அறிஞர் அவர். 1939ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் புனித அந்திரூஸ் பல்கலைக்கழகத்திலே மாயக்கதைகள் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அச்சொற்பொழிவு 1947இல் விரிந்த கட்டுரையாக நூலொன்றில் இடம்பெற்றது. சிறைப்பட்டவன் தப்புவதும், போர்க்களத்தைக் கைவிட்டுப் படைவீரன் ஓடுவதும் ஒன்றல்ல என்பதும், மாயக்கதை வாசகரை இகழ்வோர் இவ்விரண்டையும் மயங்க வைத்துவிடுகின்றனர் என்பதும் அவரது வாதத்தின் சாரம். சிறையிலிருப்பவன் சிறைச்சுவரையும் காவலனையும் தவிர வேறொன்றை நினைத்தல் ஏன் குற்றமாகும் என்று அவர் வினவினார். சுவருக்கு வெளியேயுள்ள உலகம் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதனால் இல்லாததாகிவிடாது என்பது அவர் கருத்து.

இவ்வாறு வாதித்தவர் போர்க்களத்தைக் கண்டறியாதவர் என்று ஒருவரும் கூற இயலாது. முதலாம் உலக மகாயுத்தத்தில், 1916ஆம் ஆண்டு பிரான்சு தேசத்துச் சொம் நதிப் பிரதேசத்தில் நிகழ்ந்த கொடும்போரிலே அவர் சமிக்ஞை அதிகாரியாகப் பணிபுரிந்தார். பள்ளித் தோழர்களாய் இருந்து உயிர்நண்பராய் வளர்ந்தவர்களுள் இருவர் அவ்வாண்டிலேயே மாண்டனர். அகழிகளிற் பேன்களாற் பரவிய காய்ச்சலுக்கு ஆளாகி அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். வைத்தியசாலையிலும் ஓய்விலும் கழிந்த அக்காலத்திலேதான் தம் கற்பனை உலகின் முதற் கதைகளை எழுதத் தொடங்கினார். 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்து உலகெங்கும் பரவிய அவரது பெருங்கதையிலே, அரக்கர் உண்டு, மந்திரம் உண்டு, மாய மோதிரம் உண்டு. அவற்றோடு களைப்பு உண்டு, பசி உண்டு, நண்பனைத் தோளிற் சுமந்து மலையேறும் எளிய தொண்டன் உண்டு. வெற்றி பெற்ற பின்னரும் ஆறாத காயத்துடன் வாழும் வீரனும் உண்டு. போரை நேரிற் கண்டவர் போரை மறக்க எழுதிய கதை என்று அதனைக் கூறுவது பொருந்தாது. கண்டதைத் தாங்கிக் கொள்ளத்தக்க வடிவிலே அவர் எழுதினார் எனலாம்.

எழுதியவரைப் பற்றி இவ்வாறாயின், வாசித்தவரைப் பற்றி என்ன? இதற்கும் மறுக்கவொண்ணாத சான்று ஒன்று உண்டு. இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில், ஐக்கிய அமெரிக்காவின் புத்தக வெளியீட்டாளரும் இராணுவத்தினரும் இணைந்து, படைவீரருக்கென்றே தனிப் பதிப்புகளை அச்சிட்டனர். 1943 முதல் 1947 வரை நடைபெற்ற இத்திட்டத்தின் கீழ் 1,300க்கு மேற்பட்ட நூல்கள் அச்சாயின. மொத்தம் 12 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் கடல் கடந்து சென்றன. சட்டைப் பையிலோ காற்சட்டைப் பையிலோ அடங்கும் அளவு, மெல்லிய தாள், விலை கிடையாது. சஞ்சிகை அச்சிடும் இயந்திரத்தில் இரண்டிரண்டு நூல்களாக ஒரே தாளில் அச்சிட்டு, பின்னர் குறுக்கே வெட்டிப் பிரித்தனர். அதனால் அவை உயரத்திற் குறைந்தும் அகலத்தில் நீண்டும் விளங்கின.

அந்த நூல்கள் யாவை? சரித்திரமும் கவிதையும் விஞ்ஞானமும் அவற்றுள் இருந்தன. அவற்றோடு, மேற்கு அமெரிக்காவின் குதிரைவீரர் கதைகள், துப்பறியும் கதைகள், காட்டில் வளர்ந்த தார்சானின் கதை, இரத்தம் குடிக்கும் டிராக்குலாவின் கதை ஆகியனவும் இருந்தன. 1944ஆம் ஆண்டு யூன் மாதம் நோர்மண்டிக் கரையில் இறங்குவதற்காகத் தென் இங்கிலாந்திலே கூடியிருந்த வீரருக்கும் இப்புத்தகங்கள் வழங்கப்பட்டன. நாளை உயிருடன் இருப்போமோ என்று அறியாதவன், இன்று மாலை ஒரு கதைப்புத்தகத்தை விரிக்கின்றான். அவனைக் கோழை என்று அழைக்க எவருக்கு நா எழும்? மறுநாட் காலையில் அவன் கரையில் இறங்கினான். கதை அவனைக் கடமையினின்றும் கடத்திச் செல்லவில்லை. கடமை தொடங்கும் வரை அவன் உள்ளம் உடைந்துபோகாதவாறு துணை நின்றது. அந்த யுத்தகாலத்தில் காகிதம் தட்டுப்பாடாக இருந்தது. அவ்வாறிருந்தும், குண்டுகளோடும் உணவோடும் கப்பலில் கதைப்புத்தகங்களுக்கும் இடம் ஒதுக்கினர். பொழுதுபோக்கு என்று அதனைத் தள்ளிவிட அவர்களுக்குத் துணிவு வரவில்லை.

விஞ்ஞானப் புனைகதைக்கு வருவோர், அதன் பயனைக் காட்ட வழக்கமாக ஒரு சரித்திரத்தைக் கூறுவர். அது கூறத்தக்கதே. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் வாழ்ந்த ரொபேட் கொடாட் என்னும் சிறுவன் நோயாளி. அடிக்கடி பாடசாலைக்குச் செல்ல இயலாதவன். 1898ஆம் ஆண்டு, தன் 16ஆம் வயதிலே, செவ்வாய்க் கிரகத்தார் பூமிமீது படையெடுப்பதாக எச். ஜி. வெல்ஸ் எழுதிய கதையைப் பத்திரிகையொன்றில் வாசித்தான். மறு ஆண்டு ஒக்டோபர் 19ஆம் நாள், வீட்டின் பின்புறத்துச் செரிமரத்திலே காய்ந்த கிளைகளை வெட்ட ஏறியவன், செவ்வாயை நோக்கிச் செல்லும் பொறியொன்றை மனக்கண்ணாற் கண்டான். மரத்தால் இறங்கியபோது தான் வேறொருவனாகிவிட்டதாக உணர்ந்தான். அந்நாளை ஆயுள் முழுவதும் ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தான். அச்சிறுவனே பிற்காலத்தில் பௌதிகவியற் பேராசிரியராகி, 1926ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் திரவ எரிபொருளால் இயங்கும் முதல் ஏவுகணையை விண்ணிற் செலுத்தினார். அது ஏறிய உயரம் சுமார் 12 மீற்றர். பறந்த நேரம் இரண்டரை விநாடி.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1920இல், காற்றில்லா வெளியில் ஏவுகணை இயங்கும் என்று நம்பும் இவருக்குப் பள்ளிக்கூடப் பௌதிகமும் தெரியாது என்ற கருத்துப்பட நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை ஏளனம் செய்திருந்தது. 1969ஆம் ஆண்டு யூலை மாதம், மனிதர் சந்திரனை நோக்கிச் சென்றுகொண்டிருக்கையில், அப்பத்திரிகை தன் தவற்றை ஒப்புக்கொண்டது. கொடாட் அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்னரே இறந்துவிட்டார்.

இலங்கை நேயர்களுக்கு இன்னும் அணுக்கமான ஒருவரும் உளர். இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் 1917இல் பிறந்து, சிறுவயதில் மலிவுச் சஞ்சிகைகளில் வந்த விண்வெளிக் கதைகளை விழுங்கி வளர்ந்தவர் ஆதர் சி. கிளார்க். 1945ஆம் ஆண்டிலே, பூமி சுழலும் வேகத்துக்கு ஒப்பச் சுற்றி ஒரே இடத்துக்கு மேல் நிலைத்து நிற்பதுபோலத் தோன்றும் செயற்கைக் கோள்களால் உலகமெங்கும் ஒலிபரப்பலாம் என்று கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் அத்தகைய கோள்கள் உண்மையிலேயே ஏவப்பட்டு, கடல் கடந்த ஒலியையும் ஒளியையும் வீடுகளுக்குக் கொண்டுவந்தன. அவர் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008ஆம் ஆண்டு கொழும்பில் மறையும் வரை இத்தீவையே இல்லமாகக் கொண்டார். திருகோணமலையிலே, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கடலடியிற் கண்டு எழுதியவர்களுள் அவரும் ஒருவர். 1979இல் அவர் வெளியிட்ட நவீனத்திலே, இலங்கையை ஒத்த ஒரு தீவின் மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் மாபெரும் உயர்த்தி அமைக்கப்படுகின்றது. அத்தகைய பொறிக்குப் பூமத்தியரேகை வேண்டும். இலங்கையோ அதற்குச் சற்று வடக்கே உள்ளது. கிளார்க் தயங்கவில்லை, கதையிலே தீவைத் தெற்கே நகர்த்தி வைத்துக்கொண்டார். பௌதிக விதியை மாற்றாமல் தேசப்படத்தை மாற்றிய இந்தச் செயலிலே, விஞ்ஞானப் புனைகதையின் இயல்பு முழுவதும் அடங்கியுள்ளது.

எனினும் இந்தச் சரித்திரங்களை மட்டும் காட்டி வாதத்தை முடித்துவிடுதல் நேர்மையாகாது. வெல்சின் கதையை வாசித்த சிறுவர் எண்ணற்றோர். ஏவுகணை செய்தவர் மிகச் சிலரே. பயன் தந்தால் மாத்திரமே கதைப்புத்தகத்தை மன்னிக்கலாம் என்று கூறின், ஏவுகணை செய்யாத ஏனையோரின் வாசிப்பு மன்னிக்கப்படாததாகிவிடும். நிழல் மரத்தின் கீழ் இளைப்பாறிய வழிப்போக்கனை, அந்த நிழலால் உனக்கு என்ன வருமானம் என்று எவரும் கேட்பதில்லை. அவன் மேலும் நடக்க வல்லவனானான் என்பதே போதும். கதை தரும் இளைப்பாறுதலும் அத்தகையதே.

மூன்று வகையிலும் மிகுந்த ஏளனத்துக்கு உள்ளாவது காதல் நவீனமே. அதனை வாசிப்போர் பெரும்பாலும் பெண்கள் என்பது அந்த ஏளனத்துக்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இலண்டனில் 1908ஆம் ஆண்டு மில்ஸ், பூன் என்னும் இருவர் தொடங்கிய வெளியீட்டகம் ஆரம்பத்தில் பலவகை நூல்களையும் வெளியிட்டது. 1930களிலே, உலகப் பொருளாதார மந்தத்தால் வேலையின்மை பெருகியிருந்த காலத்தில், அது காதல் நவீனங்களிற் கருத்தூன்றியது. அவற்றை விலைகொடுத்து வாங்கியவரினும் வாடகை நூல்நிலையங்களில் எடுத்து வாசித்தோரே அதிகம். இரண்டு பென்ஸ் கொடுத்தால் ஒரு நூலை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வறுமையில் வாடிய வீடுகளிலும் அந்த இரண்டு பென்ஸ் எடுத்து வைக்கப்பட்டது. பசியுள்ளவர் எதற்காகக் காதற்கதை வாசிக்கவேண்டும் என்று கேட்போர், பசி வயிற்றுக்கு மட்டும் உரியதன்று என்பதை மறந்தவராவர்.

இவ்வகை வாசகிகளை இழித்துரையாது, அவர்களிடமே சென்று கேட்டறிந்தவர் ஜனிஸ் ரட்வே என்னும் அமெரிக்க ஆய்வாளர். 1984ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நூல், மத்திய மேற்கு அமெரிக்காவின் ஒரு நகரத்திலே, புத்தகக் கடையொன்றின் வாடிக்கையாளராய் இருந்த, 40க்குச் சற்று மேற்பட்ட பெண்களின் வாசிப்பை ஆராய்கின்றது. கதையின் பொருளைப் பற்றிக் கேட்கச் சென்றவருக்கு, வாசித்தல் என்னும் செயலைப் பற்றியே அப்பெண்கள் மிகுதியாகக் கூறினர். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் நாள் முழுவதையும் ஈந்துவிட்ட ஒருத்தி, புத்தகத்தை விரித்து வைத்திருக்கும் அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் தனக்கே உரியவளாகின்றாள். புத்தகம் ஒரு கதவு. சாத்திக்கொள்ளவும் அது பயன்பட்டது. அதற்குள்ளே அவள் நாடிய கதாநாயகனோ, தன்னைக் கவனித்து, பேணி, அன்புகாட்டும் ஒருவன். எல்லாரையும் பேணுபவளைப் பேண ஒருவரும் இல்லை என்ற குறையே அத்தெரிவிற் புலப்பட்டது.

ரட்வே இத்தோடு நின்றுவிடவில்லை. இந்த ஆறுதலுக்கு மறுபுறம் ஒன்று உண்டு என்பதையும் அவர் எழுதினார். கதையிலே குறை தீர்ந்துவிடுவதனால், வீட்டிலே குறை தீராமலே நீடிக்கக்கூடும். புத்தகத்தை மூடியபின் அதே அடுக்களை, அதே தனிமை. இந்த எச்சரிக்கை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் அதன் குற்றம் எவர் மீது சாரும் என்பது சிந்தித்தற்குரியது. ஒரு மணித்தியாலம் தப்பியோட வேண்டிய நிலை ஒரு தாய்க்கு வீட்டிலே ஏற்படுமாயின், அவள் கையிலுள்ள புத்தகத்தைப் பறித்தல் பரிகாரமாகாது. அவள் சுமையில் ஒரு பங்கை வீட்டார் ஏற்றல் வேண்டும். நோயாளி முனகுகின்றான் என்று வாயைப் பொத்தும் வைத்தியர் உளரோ?

தப்பியோடும் வாசிப்பு எக்காலத்தும் தீங்கற்றது என்று கூறுதலும் உண்மையன்று. நித்திரையையும் உணவையும் கெடுத்து வாசிப்போர் உளர். காதற்கதையின் அளவுகோலால் வாழ்க்கைத் துணையை அளந்து, மனம் வெதும்புவோர் உளர். ஒரே அச்சில் வார்த்த கதைகளையே மீண்டும் மீண்டும் வாசித்து, வேறெதிலும் சுவை அறியாதவராய் முடங்குவோரும் உளர். முன்னர்க் கூறிய மூன்றாவது வினா இங்கேதான் பயன்படும். சென்றவர் திரும்பி வருகின்றாரா? வாசித்து முடித்தவரிடம் பேச்சு மிகுந்திருக்கின்றதா, எரிச்சல் மிகுந்திருக்கின்றதா? வீட்டு வேலையையோ பாடத்தையோ அவர் புதிய ஊக்கத்தோடு தொடுகின்றாரா, அல்லது அவற்றைக் கண்டாலே வெறுக்கின்றாரா? இவற்றைக் கவனித்தால், இளைப்பாறியவர் யார், தொலைந்துபோனவர் யார் என்பது தெரிந்துவிடும். தொலைந்துபோனவரைக் கண்டால், கதையைக் கடிவதற்குமுன் அவரை விரட்டியது எது என்று தேடுதல் முறை.

இதிலே புத்தகத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. அதற்குக் கடைசிப் பக்கம் உண்டு. கைத்தொலைபேசியின் திரையிலே ஒன்றன்பின் ஒன்றாய் ஓடிவரும் காட்சிகளுக்கு அது இல்லை. அங்கே எப்பொழுது நிறுத்துவது என்று பார்ப்பவரே தீர்மானித்தல் வேண்டும். அது இளையோருக்கு எளிதன்று. மேலும், திரை எல்லாவற்றையும் தானே காட்டிவிடுகின்றது. புத்தகமோ, அரக்கனின் முகத்தையும் அரண்மனையின் வாயிலையும் வாசகன் தானே வரைந்துகொள்ளுமாறு விட்டுவிடுகின்றது. தப்பியோடுபவன் தன் கால்களாலேயே ஓடுகின்றான். அதனால் அவன் கால்கள் வலிமை பெறுகின்றன.

தமிழ் மக்களுக்கு இவையெல்லாம் மேலைநாட்டிலிருந்து வந்த புதுமைகள் அல்ல. விக்கிரமாதித்தனும் வேதாளமும் மதனகாமராசனும் வாழாத ஊர் இல்லை. திண்ணையில் அமர்ந்து பாட்டியர் கூறிய கதைகளில் பறக்கும் குதிரைகளும் பேசும் கிளிகளும் நிறைந்திருந்தன. அச்சு நூல் பரவிய பின்னரும் அவ்வழி அடைபடவில்லை. தமிழில் எழுந்த முதல் நவீனங்களுள் ஒன்றான அசன்பே சரித்திரம் 1885ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை இயற்றியவர் இலங்கையைச் சேர்ந்த சித்திலெப்பை. எகிப்திலே பிறந்து, குழந்தைப் பருவத்திலே கடத்தப்பட்டு, பம்பாயில் வளரும் ஒருவனுடைய சாகசங்களை அது கூறுகின்றது. கவனிக்கத்தக்கது யாதெனில், சித்திலெப்பை முஸ்லிம் மக்களின் கல்விக்காகப் பாடசாலைகள் நிறுவ உழைத்தவர், பத்திரிகை நடத்தியவர், சட்டமறிந்தவர். பாடசாலை கட்டிய கையே சாகசக் கதையும் எழுதிற்று. ஒன்று மற்றதற்குப் பகை என்று அவர் கருதவில்லை. பத்து ஆண்டுகளின் பின், 1895இல், திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளை இயற்றிய மோகனாங்கி, தமிழில் சரித்திர நவீனத்துக்கு வழிகாட்டியாய் வந்தது. காதலும் சூழ்ச்சியும் அதிலும் உண்டு.

1950 முதல் 1954 வரை கல்கி தம் பத்திரிகையிலே தொடராக எழுதிய பொன்னியின் செல்வனை இலங்கையிலும் வாரந்தோறும் காத்திருந்து வாசித்தனர். அதன் ஒரு பகுதி அநுராதபுரத்திலும் இலங்கையின் காடுகளிலும் நிகழ்வதாக அமைந்தது. அதனை வாசித்தவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய காலத்துக்குத் தப்பியோடியவரே. அவர்களுட் பலர் கல்வெட்டையும் சோழர் சரித்திரத்தையும் தேடி வாசிக்கும் ஆவல் பெற்றுத் திரும்பினர். கதையின் வழியாய்ச் சரித்திரத்துக்கு வந்தவரைச் சரித்திரம் ஒருபோதும் வாசலில் நிறுத்திச் சோதித்ததில்லை.

ஆதலின், பிள்ளையின் கையிற் கதைப்புத்தகத்தைக் காணும் பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பறிப்பதற்கு முன், அது என்ன கதை என்று கேட்டல் வேண்டும். கேட்கும் தொனியிலே பரீட்சகரின் கடுமை இல்லாதிருத்தல் நன்று. பிள்ளை கதையைச் சொல்லத் தொடங்கின், அது எங்கே சென்றிருந்தது என்பது தெரிய வரும். எதனிடமிருந்து சென்றது என்பதும் சிலவேளை தெரிய வரும். வகுப்பிலே தன்னை எவரும் சேர்த்துக்கொள்வதில்லை என்று சொல்லத் துணியாத பிள்ளை, தனித்திருந்த அரசகுமாரனின் கதையை மிக விரிவாகச் சொல்லும். தன் எதிர்காலம் பிறரால் தீர்மானிக்கப்படுகின்றதே என்று அஞ்சும் பெண், தன் துணையைத் தானே தெரிந்த கதாநாயகியைப் பற்றிக் கண்கள் ஒளிரப் பேசுவாள். செவிசாய்ப்பவருக்கு அக்கதைகள் கடிதங்கள் போன்றவை. பறித்துப் பூட்டி வைப்பவருக்கு அக்கடிதங்கள் ஒருநாளும் கிட்டா.

இரண்டாவது செயல் அடுத்த நூலைக் கொடுத்தல். விண்வெளிக் கதையை விரும்பும் மாணாக்கனுக்கு வானியல் நூலையும், மாயக்கதை விரும்புபவளுக்குச் சிலப்பதிகாரத்தின் எளிய உரைநடையையும், காதற்கதை விரும்புபவருக்குக் குறுந்தொகையின் விளக்கத்தையும் கிட்ட வைக்கலாம். வற்புறுத்தல் வேண்டாம், மேசைமேல் வைத்துவிட்டால் போதும். ஊர் வாசிகசாலைகளிலும் பாடசாலை நூல்நிலையங்களிலும் கதைப்புத்தகத்துக்கு ஓர் இறாக்கை ஒதுக்கி, அதற்குப் பூட்டில்லாமல் விடுதல் இதனினும் நன்று. அந்த இறாக்கைக்கு முதலில் வருபவன் மற்ற இறாக்கைகளையும் ஒருநாள் நோக்குவான். முதல் வாசலே அடைபட்ட பிள்ளை நூல்நிலையத்துக்குள் நுழைவதே இல்லை.

வாழ்க்கை எல்லாருக்கும் சமமான சுமையைத் தருவதில்லை. சிலருக்கு நோய், சிலருக்கு வறுமை, சிலருக்குத் தனிமை. மாலை வேளையிலே வேறோர் உலகத்தின் கதவைத் திறந்து, சிறிது நேரம் அங்கே உலாவி, விளக்கணைக்கும் வேளையில் திரும்பி வருபவரிடம், ஏன் போனாய் என்று சினத்தல் தகாது. சுகமாய் வந்தாயா, அங்கே என்ன கண்டாய் என்று கேட்பதே வீட்டாருக்கும் ஆசிரியருக்கும் அழகு.